பொழுது சாய்ந்தால் ஜப்தி இல்லை

முப்பது வருஷம் மனிதர்களை வீட்டைவிட்டு வெளியேற்றிச் சம்பளம் வாங்கிய ஒருவர், தன் வீட்டில் ஒரு கோழியைக்கூட "சூ" என்று விரட்டி நான் பார்த்ததில்லை. ஓசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரரைத்தான் சொல்கிறேன். முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கடன்பட்டவன் வீட்டு அண்டாவையும் குத்துவிளக்கையும் ஜப்தி செய்வது, தீர்ப்பானதும் போய் ஆட்களை வெளியேற்றிக் கதவைப் பூட்டி ஜெயித்தவன் கையில் சாவியைக் கொடுப்பது, இதுதான் அவர் பார்த்த உத்தியோகம். தெருவில் யாருமே அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அமீனா வீடு, அமீனா கோழி, அமீனா வீட்டுத் திருநெல்வேலிக்காரி. கடைசியாகச் சொன்னது என்னைத்தான்.

என் வீட்டுக்காரருக்குத் தாலுகா ஆபீசில் குமாஸ்தா வேலை. மாற்றலாகி வந்த புதிதில் வீடு கிடைக்காமல் நாய்படாத பாடு பட்டோம். கிறிஸ்தவ வேதக்காரர்கள், கறி மீன் சமைப்பவர்கள் என்று தெரிந்ததும் எல்லோருக்கும் திடீரென்று சொந்தக்காரர்கள் வந்து தங்கப்போவதாக ஞாபகம் வந்துவிடும். பதினோராவது வீடாக அமீனா வீட்டுக்குப் போனோம். அவர் எங்கள் சாதியைக் கேட்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏம்மா, சாயங்காலத்துல சத்தம் போட்டுப் பேசுவீங்களா? கோழிங்க படுக்கப்போற நேரம் பாருங்க."

நான் பிறவியிலேயே சத்தம் போட்டுப் பேசுகிறவள். இருந்தாலும் இல்லை என்று தலையை ஆட்டினேன். பின்கட்டில் ஓர் அறையும் ஒரு சமையல் மூலையும் எங்களுக்குக் கிடைத்தன.

வந்த இரண்டாம் நாளே அமீனாவின் சட்டம் எங்கள்மேல் பாய்ந்தது. என் வீட்டுக்காரர், இவர், ஆபீசில் ஒருவரிடம் சைக்கிள் இரவல் வாங்கி வந்திருந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் அதைத் திருப்பிக் கொடுக்கலாம் என்று போனால், கைப்பிடிமேல் ஒரு செம்பட்டைக் கோழி கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. இவர் அதைத் தள்ளக் கையை நீட்டியதுதான் தாமதம், முன்கட்டிலிருந்து குரல் வந்தது.

"தொடாதீங்க சாமி! பொழுது சாஞ்சிடுச்சு!"

"கோழியைக் கொஞ்சம் இறக்கிவிட்டா..."

"பொழுது சாஞ்சப்பறம் ஜப்தி கெடையாது. நானாச் சொல்லல, சட்டத்துல இருக்குது. முப்பது வருசத்துல ஒருநாள்கூட நான் விளக்கு வெச்சப்பறம் ஒரு வீட்டு வாசப்படி ஏறினதில்ல."

"அப்போ காலையில இறக்கலாமாய்யா?" என்று நான் கேட்டேன்.

"காலையில அதுவே எறங்கிப் போயிடுமேம்மா. ஆளே இல்லாத எடத்துல யார எறக்குவீங்க?"

நானும் இவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கோழி ஏறுவதே பொழுது சாய்கிற நேரத்தில்தான். ஏறிவிட்டால் இறக்க முடியாது. இறக்கலாம் என்கிற நேரத்தில் கோழி அங்கே இல்லை. இவர் சைக்கிள்காரர் வீட்டுக்கு நடந்தே போய், "உங்கள் வண்டியில் கோழி தூங்குகிறது, விடிந்ததும் கொண்டுவருகிறேன்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார். அந்த மனிதர் அதற்குப் பிறகு எதையும் எங்களுக்கு இரவல் தரவில்லை.

அமீனாவின் கோழிகள் மொத்தம் ஒன்பது. பகலெல்லாம் மற்ற வீட்டுக் கோழிகளைப் போலக் குப்பையைக் கிளறித் திரியும். சாயங்காலம் ஆனால்தான் ஒவ்வொன்றின் குணமும் வெளியே வரும். அமீனா அரிக்கேன் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நின்று பெயர் கூப்பிடுவார். சேவலின் பெயர் டவாலி. கோர்ட்டு வாசலில் கட்சிக்காரர் பெயரை மூன்று தடவை கூவும் சேவகர் மாதிரி மூன்று தடவைதான் கூவும், ஆனால் நேரம் காலம் கிடையாது. கூப்பிடும்போது ஒருநாளும் ஆஜராகாத கறுப்புக் கோழி எக்ஸ்பார்ட்டி. முருங்கைமரத்தில் ஒரு கிளையில் கொத்துப்பட்டால் அதற்கு மேல் கிளை, அங்கேயும் கொத்துப்பட்டால் இன்னும் மேலே என்று போகிறது அப்பீல். அந்த முருங்கையில் கடைசிக் கொப்பு சுண்டுவிரல் கனம்தான் இருக்கும். அப்பீல் அதில் ஆடிக்கொண்டே தூங்கும்.

ஆனேக்கல் சந்தையில் வாங்கிய இரட்டைக் கோழிகள் இரண்டுக்கும் கன்னடத்தில் சொன்னால்தான் ஏறத் தோன்றும். அவர் தாய்மொழி தெலுங்கு, எங்களிடம் தமிழ், அந்த இரண்டிடம் கன்னடம். அது மாகாணங்களை மொழிவாரியாகப் பிரிக்கப்போகிறார்கள் என்று பேச்சு அடிபட்ட சமயம். ஓசூர் எந்தப் பக்கம் போகும் என்று காப்பிக் கிளப்பில் மேசையைத் தட்டிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அமீனாவிடம் கேட்டால், "எங்க போனாலும் என் கோழிங்க அது அது எடத்துலதான் ஒக்காரும்" என்பார்.

எல்லாவற்றையும்விட அவருக்குச் செல்லம் வாய்தா என்ற சாம்பல் நிறப் பெட்டை. திண்டாட்டம் பிடித்த ஜன்மம். ஏறும், இறங்கும், சுற்றிவரும், மறுபடி ஏறும், யோசிக்கும், இறங்கும். மற்றவை தூங்கி அரைமணி கழிந்த பிறகும் வாய்தா தீர்மானத்துக்கு வந்திருக்காது. அமீனா பக்கத்தில் நின்று பொறுமையாக, "இன்னிக்காவது முடியுமா? சரி, யோசிச்சுக்க, யோசிச்சுக்க" என்பார். கால் வலித்தாலும் அது உட்காரும்வரை அவர் உட்காரமாட்டார்.

பஞ்சாரக் கூடை வாங்கிக் கவிழ்த்துவிட்டால் இந்தத் தொல்லையெல்லாம் இல்லையே என்று ஒருநாள் சொன்னேன். எங்கள் ஊரில் அதுதான் வழக்கம். அமீனா முகம் சுண்டிப்போனது.

"விசாரணையே இல்லாம லாக்கப்புல போடச் சொல்றீங்களாம்மா?"

கோழிமேல் இவ்வளவு பாசம் வைத்தவர் கறி சாப்பிடமாட்டார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். கிறிஸ்துமஸுக்குச் சந்தையில் வாங்கிய கோழியைக் குழம்பு வைத்தபோது, வாசனை முன்கட்டுக்குப் போய்விடுமே என்று பயந்து எல்லா ஜன்னலையும் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. அமீனா கையில் ஒரு கிண்ணத்தோடு நின்றார்.

"உங்களுக்கு வருத்தமா இருக்காதாய்யா?" என்றேன்.

"இது வெளியூர்க் கோழிம்மா. நம்ம எல்லைக்குள்ள வராது. கொஞ்சம் ஈரலும் போடுங்க."

களியை உருட்டிக் குழம்பில் முக்கி அவர் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மூக்கண்டப்பள்ளியில் அவருக்கு இருந்த துண்டு நிலத்து ராகியில் பாதி அவர் களிக்கு, பாதி கோழிகளுக்கு.

ஒரு தடவை ஜெபம் செய்ய எங்கள் உபதேசியார் வந்தார். குடையைச் சுவர் ஆணியில் மாட்டிவிட்டு நீளமாக ஜெபித்தார். கண்ணைத் திறந்தபோது குடைமேல் எக்ஸ்பார்ட்டி. வெளியே மழை. உபதேசியார் அமீனாவோடு முக்கால் மணி நேரம் வாதாடினார். சட்டம் ஒருபுறம், வேதம் ஒருபுறம். கடைசியில் என் முறத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு மழையில் போனார். போகும்போது, "நோவா பேழையில இவரை விட்டிருந்தா யாரும் இறங்கியே இருக்கமாட்டாங்க" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

இதையெல்லாம் ரசித்துக்கொண்டுதான் இருந்தேன். என் தலையில் வந்து விடியும்வரைக்கும்.

தலைப்பிரசவத்துக்கு ஊருக்குப் போனேன். போவதற்கு முன்னால் இவரிடம் படித்துப் படித்துச் சொன்னேன். எங்கள் அறையில் ஒரே ஓர் உத்திரம்தான் கட்டை. மற்றதெல்லாம் மூங்கில். பிள்ளையோடு வந்தால் தூளி கட்ட அந்த ஓர் இடம்தான் உண்டு. சாயங்காலம் பின்கதவைச் சாத்திவையுங்கள், கோழி உள்ளே வந்துவிடக் கூடாது. "சரிட்டி, சரிட்டி" என்றார். அவர் சரி என்று இரண்டு தடவை சொன்னால் காதில் வாங்கவில்லை என்று அர்த்தம். இது எனக்கு அப்போது தெரியாது.

மூன்று மாதக் கைக்குழந்தையோடு மார்கழியில் திரும்பி வந்தேன். சாயங்காலம் உத்திரத்தில் தூளியைக் கட்டிப் பையனைப் போட்டுவிட்டு அடுப்பைப் பற்றவைத்தேன். தலைக்குமேல் படபடவென்று சத்தம். வாய்தா உள்ளே வந்து, அரிசிப் பானைமேல் ஏறி, இறங்கி, யோசித்து, பிறகு நேரே உத்திரத்துக்குப் போய்த் தூளிக் கயிற்றுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. உட்கார்ந்த கையோடு என் பிள்ளையின் நெற்றியில் எச்சமும் இட்டது. நான் போட்ட சத்தத்தில் டவாலி எழுந்து மூன்று தடவை கூவியது.

அமீனா ஓடிவந்தார். கையில் ஒரு காகிதம். மேற்படி வாய்தா என்கிற சாம்பல் பெட்டை, மேற்படி பின்கட்டு உத்திரத்தின் வடகோடியில், பன்னிரண்டு சாயங்காலங்கள் பகிரங்கமாகவும் தொடர்ச்சியாகவும் யாருடைய ஆட்சேபணையும் இல்லாமலும் அமர்ந்து அனுபவித்து வந்தபடியால், மேற்படி இடம் அதன் அனுபோகத்துக்கு உரியதாகிறது. மனிதருக்குச் சட்டத்தில் பன்னிரண்டு வருஷம், கோழிக்குப் பன்னிரண்டு சாயங்காலம் என்று அவரே கணக்குப் போட்டுவைத்திருந்தார். கீழே, தேதியோடு, என் வீட்டுக்காரரின் இனிஷியல்!

"கையெழுத்துப் போட்டீங்களா?" என்றேன் இவரிடம்.

"எதையோ நீட்டினாங்க. பார்த்தேன்னு இனிஷியல் போட்டேன்."

ஆபீசில் அவர் முன்னால் எந்தக் காகிதத்தை வைத்தாலும் மூலையில் ஒரு சுழி சுழித்துத் தேதி போட்டு அடுத்தவருக்குத் தள்ளுவார். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. என் மகனின் தூளியைக் கோழிக்கு எழுதிக் கொடுத்த மனிதரோடு நான் மூன்று நாள் பேசவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் கதவைச் சாத்திப் பார்த்தேன். வாய்தா வெளியே நின்று கேவியது. கதவுச் சந்து வழியாக எட்டிப் பார்த்தால், அதற்குப் பக்கத்தில் கைகட்டிக்கொண்டு அமீனாவும் நின்றார். இரண்டு பேரும் பனியில். இவருக்கு மனசு கேட்கவில்லை, போய்த் திறந்துவிட்டார். பையனைத் தரையில் பாய்போட்டு என் அணைப்பில் படுக்கவைத்தேன். விடிந்து பாயைச் சுருட்டினால், பிள்ளையின் தலை இருந்த இடத்துக்கு ஒரு சாண் தள்ளிச் செந்தேள். விளக்குமாற்றால் அடித்துக் கொன்றேன். வேறு வீடு தேடலாம் என்றால் இதற்கு முன்னால் ஏறி இறங்கிய பத்து வாசலும் ஞாபகத்துக்கு வந்தன. இந்த வீட்டை விட்டால் எங்களுக்கு ஓசூரில் கூரை கிடையாது. இந்த உத்திரத்தை விட்டால் என் பிள்ளைக்குத் தொங்க இடம் கிடையாது.

செத்த தேளைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு, பிள்ளையை ஒரு கையில் ஏந்திக்கொண்டு முன்கட்டுக்குப் போனேன். அமீனா முற்றத்தில் நாற்காலி போட்டு வெயில் காய்ந்துகொண்டிருந்தார். காகிதத்தை அவர் முன்னால் பிரித்தேன்.

"இது என் பிள்ளை பக்கத்துல கிடந்தது. உங்க சட்டத்துல இதுக்கு எத்தனை நாளு? பன்னிரண்டு ராத்திரி என் பாயில படுத்தா இதுக்கும் எழுதிக் கொடுத்திருவீங்களா? கோழிக்கு ஊரெல்லாம் இடம் கிடக்கு. என் பிள்ளைய எங்க தொங்கவிடச் சொல்லுதீங்க? சொல்லுங்க!"

அமீனா தேளைப் பார்த்தார். பையனைப் பார்த்தார். பையன் அவரைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தான். அமீனா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு ஊரும்மா" என்று தொடங்கினார். "ரெண்டு வருசமா ராகிய யானை தின்னுடுச்சு. கடனக் கட்ட முடியல அவனால. கேசு தோத்துட்டான். நான் போறப்ப பொழுது சாய ஒரு மணி நேரம் இருந்துச்சு. அதுக்குள்ள முடிச்சாகணும். அண்டா, உரலு, பொட்டி எல்லாம் வெளிய வெச்சோம். கடைசியா தூளி ஒண்ணு தொங்குது. உள்ள கொழந்த தூங்குது. அந்தப் பொண்ணு அவுக்கமாட்டேன்னு நிக்குறா. அழல, திட்டல. சும்மா நின்னா. நான்தான் அவுத்தேன்."

நான் பையனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"கதவப் பூட்டிட்டுச் சாவியக் குடுக்குறேன், கோழிங்க வருது. ஆறு கோழி. வீடு பூட்டியிருக்குன்னு அதுங்களுக்குத் தெரியுமா? நெலப்படி மேல ஒண்ணு, பூட்டுக்கிட்ட ஒண்ணுன்னு ஏறி ஒக்காந்துகிச்சு. ஜெயிச்சவன் அடிச்சு வெரட்டுங்கன்னான். பொழுது சாஞ்சிடுச்சு, முடியாதுன்னுட்டேன். அந்தப் பொண்ணுக்குச் சொல்ல முடியாதத கோழிக்குச் சொன்னேன். ரிப்போர்ட்டுல, ஆட்கள் காலி, கோழி ஆறு காலியில்லைன்னு எழுதினேன்."

"முன்சீப் என்ன சொன்னாங்க?"

"கண்ணாடியக் கழட்டித் தொடச்சு மறுபடி போட்டுப் படிச்சாரு. மெமோ குடுத்தாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் முடியவில்லை. பித்துப்பிடித்த கிழவர் என்று ஒரு வருஷமாக மனசுக்குள் கேலி பண்ணிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு என்மேலேயே எனக்கு வெட்கமாக இருந்தது.

அமீனா எழுந்து உள்ளே போனார். திரும்பி வந்தபோது பழைய காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பொத்தான் பூட்டவில்லை, தொப்பை இடம் கொடுக்கவில்லை. கையில் ஒரு தகர டப்பாவும் குச்சியும். வாய்தா குப்பைமேட்டில் புழு தேடிக்கொண்டிருந்தது. அதன் எதிரே போய் நின்று டப்பாவை மூன்று தடவை தட்டினார். தெருவே வேலியோரம் கூடிவிட்டது. எழுதி வைத்திருந்த உத்தரவைக் கணீரென்று படித்தார். குழந்தைக்கு வேறு இடம் இல்லாததாலும், கோழிக்கு வேறு இடம் உண்டு என்பதாலும், மேற்படி உத்திரத்தை இன்று சூரிய அஸ்தமனத்துக்குள் காலி செய்து கொடுக்க வேண்டியது. வாய்தா ஒரு புழுவை விழுங்கிவிட்டு அடுத்ததைத் தேடியது.

"ஆட்சேபணை இல்ல" என்று அமீனா எங்களிடம் அறிவித்தார். உத்தரவை நாலாக மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார்.

பிறகு எங்கள் அறைக்கு வந்தார். எச்சத்தைத் தேங்காய்நார் போட்டு அவரே தேய்த்துக் கழுவினார். முக்காலிமேல் ஏறித் தூளியையும் அவர்தான் கட்டினார். மூன்று முடிச்சுப் போட்டு, தன் கனத்தையே கொடுத்து இழுத்துப் பார்த்தார். பையனை என் கையிலிருந்து வாங்கி உள்ளே விட்டார். வெயில் சாய இன்னும் நேரம் இருந்தது. கதவைத் தாழ்போடச் சொல்லிவிட்டு முற்றத்துக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

பொழுது சாய்ந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வாய்தா எங்கள் கதவுக்கு வந்தது. இரண்டு தடவை கொத்தியது. கேவியது. முருங்கைக்குப் போனது, கொத்துப்பட்டுத் திரும்பியது. முற்றத்தைச் சுற்றியது. அமீனா அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். அது நாற்காலிக் கையில் ஏறியது, இறங்கியது, யோசித்தது, மறுபடி ஏறியது. அங்கிருந்து ஒரே தாவலில் அவர் தோளில் போய் உட்கார்ந்து கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

இவர் வெளியே ஓடினார். "ஐயா, பனி கொட்டுது, அதை இறக்கிவிட்டுட்டு உள்ளே போய்ப் படுங்க."

"பொழுது சாஞ்சிடுச்சே சாமி" என்றார் அமீனா.

எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இவர் எங்கள் கம்பளியைக் கொண்டுபோய், கோழியின் தலை மட்டும் வெளியே தெரியும்படி இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்திவிட்டு வந்தார். ஓசூர் மார்கழிக் குளிர் சாதாரணக் குளிர் இல்லை. மூச்சு விட்டால் புகை வரும்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. விடிவதற்கு முன்பே எழுந்து காப்பி போட்டு எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். போட்ட இடத்தில் நாற்காலி, உட்கார்ந்த வாக்கில் அமீனா. தோளில் வாய்தா தூங்கிக்கொண்டிருந்தது. அமீனாவுக்குக் கண் இரண்டும் சிவந்து, மீசையில் பனி கோத்திருந்தது. என்னைப் பார்த்ததும், தலையைத் திருப்பாமல், கோழி விழித்துவிடாத குரலில் கேட்டார்.

"கொழந்த தூங்குச்சாம்மா?"

தூங்கினான், ஒரு தடவைகூட அழவில்லை என்றேன். கம்பளிக்குள் அகப்பட்ட கையை அவர் எடுக்கப் பார்த்தார். வேண்டாம் என்று சைகை காட்டிவிட்டு, டம்ளரை நானே அவர் வாயருகே பிடித்தேன். ஒவ்வொரு வாயாகக் குடித்தார். வெளிச்சம் வந்து அந்தக் கோழி தானாக இறங்கும்வரை அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தேன்.